பிரிக்பீல்ட்ஸ் மணலும் என் வலது காலும்

நான் கோலாலம்பூருக்குப் போனது இரண்டு கால்களைப் பார்ப்பதற்காக. ஊர் பார்க்க, கோயில் பார்க்க, வியாபாரம் பார்க்க என்று கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். கால் பார்க்கப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

என் தங்கை சௌந்தரத்துக்கு மலாய் நாட்டிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் சபாபதி. ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட ஏதோ சர்க்கார் உத்தியோகம் என்று எழுதியிருந்தார்கள். அனுப்பியிருந்த போட்டோவில் இடுப்புக்கு மேல்தான் இருந்தார். ரப்பர் விலை விழுந்து, அங்கே போனவர்களெல்லாம் மூட்டை முடிச்சோடு திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை மணவறைக்கு வருவதற்கு முன், பெண்ணைப் பெற்றவர் அவர் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவித் துடைத்துச் சந்தனம் பூச வேண்டும். அப்பா இல்லாததால் அந்த வேலை எனக்கு.

"கழுவப் போறவன் நீ. கழுவத் தகுந்த காலான்னு உன் கண்ணால பார்த்துட்டு வா" என்றாள் அம்மா.

நான் அப்போது மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சுத்தம், ஆசாரம் என்று வந்தால் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். எங்கள் வீட்டில் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

கப்பலில் பட்ட பாட்டை எழுதினால் எழுதுகிற எனக்கே மறுபடி குமட்டும். விட்டுவிடுகிறேன்.

சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியதும் சபாபதி வந்து கும்பிட்டார். நல்ல உயரம், சிரித்த முகம், வெள்ளைக் கால்சட்டை. பதிலுக்குக் கும்பிட்டபடியே கீழே பார்த்தேன். கறுப்பு பூட்ஸ். கால் தெரியவில்லை. கையில் சாக்குப் போர்த்திய கூடை மாதிரி ஒன்று வைத்திருந்தார். விருந்தாளிக்குப் பழம் வாங்கி வந்திருக்கிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன். சாக்குக்குள் பழம் இருமியது.

"மூசாங், அண்ணே" என்றார் சபாபதி. "கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்துல புடிச்சு வெச்சிருந்தாங்க. ஒங்களைக் கூப்புட வர்ற வழிதானேன்னு வாங்கிக்கிட்டேன். ஆபீஸுக்கு வேணும்."

மூசாங் என்றால் நம் ஊர் மரநாய். மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. ரயிலில் எங்கள் இருவருக்கும் நடுவில் கூண்டை வைத்தார். அதிலிருந்து அப்போதுதான் வடித்த பச்சரிசிச் சோற்றின் வாசனை வந்தது. கப்பலில் நாலு நாள் சோறு இறங்காத எனக்கு நாக்கில் நீர் ஊறியது. ஒரு மரநாயை மோந்து பசித்தவனும் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

கிள்ளானைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. கூண்டின் கொக்கி கழன்றது. மூசாங் என் தோளில் ஒரு காலும் தலைப்பாகையில் மறு காலும் வைத்து மேலே சாமான் பலகைக்குத் தாவியது. அங்கே ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின், வாழைப்பழத் தார் இருந்தது. மூசாங் சாவகாசமாக உட்கார்ந்து பழுத்ததாகப் பார்த்துப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தது. தவுக்கே சீனத்தில் கத்தினார். எதிரில் இருந்த மலாய்க் கிழவர் மட்டும் அசையாமல் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். சபாபதி மொழிபெயர்த்துச் சொன்னதன்படி, "பழத்தைப் பார்த்துப் பொறுக்குகிறது பாருங்கள், இந்தத் தவுக்கே கடையில் நம்மை அப்படிப் பொறுக்க விடுவாரா?" என்பது அவர் கருத்து.

டிக்கெட் பரிசோதகர் வந்து இந்தப் பிராணிக்குச் சீட்டு உண்டா என்று கேட்டார். சபாபதி பையிலிருந்து தடித்த தோல் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, பெஞ்சியின்மேல் ஏறி, பிடரியைப் பிடித்து மூசாங்கைக் கூண்டில் போட்டார். பிறகு தவுக்கேயிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, சட்டைப் பையிலிருந்து சோப்பு எடுத்துக் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வண்டி நகர்ந்த பிறகுதான் ஓடி வந்து ஏறினார். சுத்தத்தைக் கொண்டாடுகிற நான் அப்போதே அந்த மனிதரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் என் தலைப்பாகையில் மூசாங் விட்டுப்போன அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சபாபதி தம் அக்காள் வீட்டில் இருந்தார். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற பேட்டையில் ரயில்வேக்காரர்களின் குடியிருப்பு. அக்காள் இராசம்மாளின் கணவர் ரயில்வேயில் கிராணி. குமாஸ்தாவுக்கு அங்கே அப்படிப் பெயர். வீட்டைச் செங்கல் தூண்களின்மேல் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த ஊரில் தினம் சாயங்காலம் ஒரு மழை, கடன்காரன் மாதிரி தவறாமல் வந்துவிடுகிறது. நம் ஊரில் மழைக்கு யாகம் செய்கிறோம். அங்கே துணி உலர்த்தத்தான் யாகம் செய்ய வேண்டும்.

இராசம்மாள் கைச் சமையலில் குறை சொல்ல மாட்டேன். தோசையும் சாம்பாரும் மாயவரத்திலேயே சாப்பிட்டது போல இருந்தன. தண்ணீர்தான் தகராறு. அந்த வீட்டில் கொதிக்க வைத்து ஆறிய நீரைத் தவிர வேறு நீர் தொண்டையில் இறங்கக் கூடாது என்று சபாபதியின் சட்டம். ருசியும் மணமும் இல்லாத செத்த தண்ணீர். இலை, கீரை, கறிவேப்பிலை எல்லாம் அவர் சொன்னபடி மூன்று முறை அலசப்பட்டன. கழுவுகிறதற்கும் ஓர் அளவு உண்டு என்று, நான், மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் கால் மட்டும் கண்ணில் படவில்லை; வீட்டுக்குள்ளும் துணி பூட்ஸ் போட்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, சூரியனைப் பார்த்து நின்று ஜபிக்க இடம் தேடினேன். குளியலறைச் சிமெண்டுத் தரையில் நாலு பேர் எச்சில் துப்பியிருப்பார்கள். வீட்டைச் சுற்றிச் சகதி. பின்பக்கம் சாக்கடை மராமத்துக்காகக் கொட்டி மறந்துபோன ஒரு மணல் மேடு இருந்தது. ஈயச் சுரங்கத்தில் அலசி ஒதுக்கிய மணலாம். சர்க்கரை மாதிரி வெள்ளை. காவேரியில்கூட அப்படி மணல் பார்த்ததில்லை. ஆசையோடு ஏறி, காலைப் புதைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் நின்றேன். பனி ஈரத்தில் மணல் சில்லென்று இருந்தது. ஐந்தாறு பூனைகள் தள்ளி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஊர்ப் பூனைகளுக்கு வால் நுனி கொக்கி போல் மடங்கியிருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத பூனைகள். ரயில் சரக்குக் கொட்டகை எலிகளைத் தின்று வாழ்பவை. நான் எப்போது இறங்குவேன் என்று காத்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தன. பக்தியால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸுக்குப் புறப்பட்ட சபாபதி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு வந்தார். "அண்ணே, அங்கே நிக்கிறதுன்னா செருப்பு போட்டுக்கிட்டு நில்லுங்க" என்றார்.

செருப்புப் போட்டுக்கொண்டு சாமி கும்பிடச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜபத்தின் நடுவில் நான் பேசுவதில்லை. கையை உயர்த்திப் போகச் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. போய்விட்டார். மறுநாள் பிடிவாதமாக ஒரு மணி நேரம் நின்றேன்.

மூன்றாம் நாள் தம்முடைய ஆபீஸைக் காட்டக் கூட்டிப் போனார். மிருகங்களிடமிருந்து மனிதருக்கு என்னென்ன நோய் வருகிறது என்று ஆராயும் இடம் அது. அலமாரி நிறைய ஜாடிகள். ஜாடி நிறையப் புழுக்கள். காட்டுப் பன்றியின் குடலிலிருந்து எடுத்தது, எலியின் குடலிலிருந்து எடுத்தது, மூசாங்கின் குடலிலிருந்து எடுத்தது என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். நீளமாக நாடா போல, உருண்டையாக, மயிரிழை போல. ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் இருந்தது. அவர் அவற்றைச் சொன்ன பிரியத்தைப் பார்த்தால் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல இருந்தது. காட்டில் இருக்கும் மிருகமும், வீட்டை விட்டு ஓடிப்போய்க் காட்டுத்தனமாகத் திரியும் நாயும் பூனையும்தான் தம் வாடிக்கைக்காரர்கள் என்றார். அவற்றுக்கு மருந்து கொடுப்பார் இல்லை. அவற்றின் வயிற்றில் புழு குடியிருப்பதற்கு வாடகை கேட்பாரும் இல்லை. அங்கே இடம் போதாமல் போனால் நம்மிடம் வந்துவிடுகிறதாம்.

அன்றிரவுப் பலகாரத்துக்கு இராசம்மாள் இடியாப்பம் செய்திருந்தாள். மயிரிழை போல, வெள்ளையாக, சுருள் சுருளாக. தலைவலி என்று சொல்லி எழுந்துவிட்டேன். சபாபதி பன்னிரண்டு சாப்பிட்டார்.

அடுத்த நாள் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அவருக்கு வேலை இருந்தது. நானும் போனேன். உத்தியோகம் எப்படிப்பட்டது என்று நேரிலேயே பார்த்துவிட வேண்டியதுதானே. கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு முன்னால் ஆண்கள் காட்டுப் பன்றி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சைவன், மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன். சபாபதி அவர்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்துவிட்டார். கறியில் சிவப்புத் தெரிகிற வரை சாப்பிடக் கூடாது, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு சுருண்டு படுத்திருக்கும், நன்றாக வேக வைத்தால்தான் சாகும் என்று சொன்னார். போன வருஷம் அரைவேக்காட்டில் தின்றவர்களுக்கு முகம் வீங்கிக் கை கால் அசைக்க முடியாமல் போனதை நினைவுபடுத்தினார்.

"நீங்க சொல்ற நேரம் வேக வெச்சா அது பன்னி இல்ல லா, பூட்ஸு" என்றார் கங்காணி.

"பூட்ஸு தின்னு யாரும் செத்ததில்ல, அண்ணே" என்றார் சபாபதி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை விறகைத் தள்ளினார்கள்.

அதுவரைக்கும் சரி. அதற்கப்புறம்தான் வந்தது வினை. பொறியில் விழுந்த எலிகளை மயக்கிப் பலகையில் கிடத்தி, ஒரு சீப்பை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். எலியின் காதுக்குள் செம்மண் தூள் அப்பினது போல இருந்ததை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தார். அது தூள் இல்லையாம், செள்ளுப் பூச்சியாம். புல்வெளியில் வேலை செய்கிறவனை அது கடித்தால் விஷக்காய்ச்சல் வருகிறது என்று ஒரு சந்தேகமாம். எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. என் தங்கையின் வருங்காலக் கணவர் எலிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது. ஊரில் இதை எந்த முகத்தோடு சொல்வேன்?

திரும்பி வந்ததும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். இந்த வரன் நமக்கு வேண்டாம் என்று தொடங்கி, காரணங்களை நம்பர் போட்டு எழுதினேன். வாத்தியார் புத்தி. ஒன்று, செத்த தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். இரண்டு, செருப்போடு சாமி கும்பிடச் சொல்கிறார். மூன்று, மரநாயோடு ரயிலில் போகிறார். நான்கு, புழுக்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஐந்து, பன்றி வெட்டுகிறவர்களோடு குந்தி உட்கார்ந்து பேசுகிறார். ஆறு, எலிக்குப் பேன் பார்க்கிறார். ஏழு, நாள் முழுக்கக் கை கழுவுகிறார். காலை இன்னும் பார்க்கவில்லை. அதற்கு இனி அவசியமும் இல்லை என்று முடித்தேன். ஒட்டிய கடிதத்தைச் சபாபதி கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். இதை எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் முகவரியைப் பார்த்து, சௌந்தரம் இருக்கும் வீட்டுக்குப் போகிற கடிதம் என்று தெரிந்து, அதை நசுங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கிராணி என்னைக் காஜாங்குக்குக் கூட்டிப் போனார். அந்த ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோரும் குச்சியில் குத்திய கறியைச் சுட்டுத் தின்கிறார்கள். நான் ஒரு குச்சியில் வெள்ளரிக்காயைக் குத்தித் தின்றேன். அப்போதுதான் வலது கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் முதலில் அரித்தது.

கொசு என்று சொறிந்தேன். மறுநாள் அங்கே ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு மறுநாள் பொட்டுக்கு வால் முளைத்தது. மூன்றாம் நாள் அந்த வால் பாதத்தின்மேல் வளைந்து நெளிந்து இரண்டு விரற்கடை ஓடியிருந்தது. சிவப்பு மையால் சின்னப் பிள்ளை கிறுக்கினது போல ஒரு கோடு. அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு. பாயில் படுத்து ஒரு காலால் மறு காலைத் தேய்த்தே பொழுது விடிந்தது. ராத்திரி நிறுத்திய இடத்திலிருந்து காலையில் கோடு நீண்டிருந்தது. அது தானாக நடந்தது.

மாப்பிள்ளையின் காலைப் பரிசோதிக்க வந்தவன் என் காலை மறைக்க ஆரம்பித்தேன். கிராணியிடம் காலுறை இரவல் வாங்கினேன். அந்த வெயிலில், வேட்டிக்குக் கீழே, காலுறை. குளிர்கிறது என்று சொன்னேன். இராசம்மாள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

குழாயடியில் காலுறையைக் கழற்றியபோது அடுத்த வீட்டுப் பொன்னம்மாள் பார்த்துவிட்டாள். பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நெளிவதைப் பார்த்தால் தெரியவில்லையா, சர்ப்ப தோஷம். செந்தூல் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றினால் இறங்கிவிடும் என்றாள். சொம்பில் பாலோடு ரிக்ஷாவில் புறப்பட்டேன். வழியில் ரிக்ஷாச் சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. பால் முழுவதும் என் மடியில். கொஞ்ச தூரத்தில் நாலு பூனைகள் ரிக்ஷாவைப் பின்தொடர ஆரம்பித்தன. வெறும் சொம்போடு கோயிலில் நின்றேன். காலுறையைக் கழற்றியதும் பக்கத்தில் நின்றவர் ஓர் அடி நகர்ந்தார்.

அந்த ஓர் அடியில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. குஷ்டமோ? கோடு கணுக்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கால் வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்துவிட்டால்? இந்தக் காலோடு ஊருக்குப் போனால் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா? சௌந்தரத்தின் அண்ணனுக்கு இப்படி என்று தெரிந்தால் அவளுக்கு எந்த வரன் வரும்? அன்று யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

அடுத்த நாள் சாப்பாட்டின்போது காலை மடியில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாங்க முடியாமல் இடது கையால் சொறிந்துவிட்டேன். சபாபதி சோறு பிசைவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து, பின் படிக்கட்டுக்கு என்னைக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். வெந்நீரும் சோப்பும் ஒரு பேசினில் கொண்டுவந்தார். கீழ்ப் படியில் மண்டியிட்டு, என் காலுறையைக் கழற்றி, காலைப் பேசினில் வைத்துக் கழுவ ஆரம்பித்தார்.

நான் காலை இழுத்தேன். அவர் விடவில்லை. விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அருவருப்பு இல்லை. ஜாடிகளைக் காட்டியபோது இருந்த அதே பிரியம் இருந்தது.

"பயப்படாதீங்க. இது பூனைப் புழு" என்றார். "குஞ்சு மணல்ல காத்துக்கிட்டு இருக்கும். பூனை கால் வெச்சா தோல் வழியா ஏறி வயித்துக்குப் போவும். நீங்க கால் வெச்சீங்க, பூனைன்னு நெனச்சு ஏறிடுச்சு. ஏறுன பிறகுதான் ஆள் மாறிப்போச்சுன்னு தெரியுது. மனுஷத் தோலைத் தாண்டி உள்ள போவ அதுக்குத் தெரியாது. வெளிய வரவும் தெரியாது. வழி தேடிச் சுத்துது, பாவம்."

அந்தப் 'பாவம்' எனக்கா புழுவுக்கா என்று தெரியவில்லை. வேறு ஒருவரைத் தேடி வந்து, வந்த இடம் பிடிபடாமல், போகிற வழியெல்லாம் எரிச்சல் உண்டாக்கிக்கொண்டு நானும் அந்த வீட்டில் பத்து நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். புழுவின்மேல் எனக்கும் கொஞ்சம் இரக்கம் வந்தது.

மணல் மேடு என்பது குடியிருப்புப் பூனைகள் அத்தனைக்கும் கொல்லைப்புறம். அவை அங்கே பக்தியோடு உட்கார்ந்திருந்ததன் காரணம் இப்போது விளங்கியது. ஜபம் முடிந்து நான் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றுதான்.

"அன்னைக்கே செருப்பு போடச் சொன்னேன்" என்றார் சபாபதி, துண்டை மடித்தபடி. "நீங்க கோவிச்சுக்கிட்டீங்க. பொண்ணு வூட்டுக்காரவங்க, மேல பேசினா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன். மறுபடி சொல்லியிருக்கணும். இது என் தப்பு, மச்சான்."

அதுவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். மச்சான் என்று வந்தது அதுதான் முதல் தடவை. வாய் தவறி வந்ததைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டுத் தள்ளியே வைத்திருந்தேன். எழுந்து நிற்க முடிந்திருந்தால் எழுந்திருப்பேன். கால் அவர் கையில் இருந்தது. "நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை, மாப்பிள்ளை" என்றேன்.

மறுநாள் ஆபீஸிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் கொண்டுவந்தார். கோட்டின் நுனிக்குச் சற்று முன்னால் மருந்தைப் பீச்சினார். தோல் வெளுத்து உறைந்து கல்லாகியது. புழு கோட்டுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் முன்னாலேயே மடக்க வேண்டுமாம். சுற்றி மையால் வட்டம் போட்டார். அதற்கு மறுநாளும் ஒரு தடவை பீச்சினார். கோடு வட்டத்தைத் தாண்டவில்லை. அன்று இரவு காலை நீட்டிக்கொண்டு படுத்தவன் இராசம்மாள் காப்பியோடு எழுப்புகிற வரைக்கும் தூங்கினேன்.

எழுந்ததும் கடிதம் நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளையிடம் மெதுவாக விசாரித்தேன். "கொடுத்த அன்னைக்கே போட்டுட்டேன், மச்சான். அவசரம்னீங்களே" என்றார். என்ன எழுதியிருந்தேன் என்று அவரிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. தபாலாபீஸுக்கு ஓடினேன். பெட்டியில் விழுந்த கடிதம் பெற்றுக்கொள்கிறவருக்குச் சொந்தம், அனுப்பினவருக்கு அதில் பாத்தியதை இல்லை என்று அங்கிருந்தவர் அமைதியாகச் சொன்னார். நான் போகிற கப்பலில்தான் அந்தத் தபாலும் போகிறதாம். ஆக, கடிதமும் நானும் ஒரே கப்பலில் ஊர் திரும்பினோம். அது கீழே மூட்டைக்குள் நிம்மதியாகப் போயிற்று. எனக்குத்தான் இந்த முறையும் சோறு இறங்கவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கியதும் அதை முந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி, தபால்காரரை வாசலிலேயே மடக்கிவிடுவது என்று ஏற்பாடு.

துறைமுக வைத்தியர் என் காலைப் பார்த்தார். மை வட்டம், உரிந்த தோல், காய்ந்த கோடு. இது என்ன என்றார். பூனைப் புழு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெரிய வைத்தியர் வந்து பார்க்கட்டும் என்று மறுநாள் மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டார். கடிதத்துக்கு வைத்தியப் பரிசோதனை கிடையாது. அது போய்விட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்கிறவள் சௌந்தரம்தான். இது எழுதும்போது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? தன்னைக் கட்டிக்கொள்ள வந்தவரின் குறைகள் ஏழையும் நம்பர் விடாமல் அவளே அம்மாவுக்கு உரக்க வாசித்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மடியில் கடிதம் இருந்தது.

நான் கால் கழுவக்கூட நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மணல், பூனை, கோடு, பேசின், வெந்நீர். என் முட்டாள்தனத்தை மறைக்காமல் சொன்னது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். அம்மா மூக்கில் விரல் வைத்தாள். சௌந்தரம் சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்து, ஒன்றிலிருந்து ஏழு வரை விரல் வைத்துக்கொண்டு போனாள்.

"காலையிலேருந்து நாலு தடவை படிச்சுட்டேன், அண்ணா. இதுலே அவரைப் பத்தி ஒரு குறைகூட இல்லே. ஏழும் உன்னைப் பத்தித்தான் இருக்கு" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "எனக்குச் சம்மதம்னு எழுதிடச் சொல்லு. இந்தத் தடவை நம்பர் வேண்டாம்" என்றாள்.

தை மாதத்தில் கல்யாணம். பந்தலில் பரப்ப ஆற்று மணல் நாலு வண்டி வந்து இறங்கியது. கொட்டிய ஒரு நாழிகைக்குள் தெரு நாய்கள் வந்து புரள ஆரம்பித்தன. நான் ஒரு தடியை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, பாய்களால் மணலை மூடி, மூன்று நாள் காவல் இருந்தேன். அந்தச் செருப்போடுதான் பந்தலில் நின்று சூரியனைக் கும்பிட்டேன். மலாய் நாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து வாத்தியாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உறவினர் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் காதுக்கும் அது போயிருந்தது.

முகூர்த்தத்தன்று தாம்பாளத்தில் அவர் காலை வைத்தபோதுதான் அந்தக் கால்களை முதன்முதலாகப் பார்த்தேன். சாதாரணக் கால்கள். பூட்ஸ் போட்டுப் போட்டு விரல்கள் கொஞ்சம் நெருங்கியிருந்தன. பேருக்கு மூன்று சொட்டு நீர் விட்டுச் சந்தனம் பூசினால் போதும். நான் வெந்நீர் கேட்டேன். சோப்புக் கேட்டேன். விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். ஐயர் நேரம் போகிறது என்றார். போகட்டும் என்றேன். மாப்பிள்ளை குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "போதும் மச்சான், சுத்தமாயிடுச்சு" என்றார். எனக்குப் போதவில்லை. இன்னொரு முறை கழுவினேன்.